ரேகை முளைக்கும் வரை

மேஸ்திரிக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது. விரல்தான் கிடைக்கவில்லை.

சொன்னால் சிரிப்பார்கள். பத்து விரலும் கையில் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் விசா மையத்தில் கண்ணாடி பதித்த ஒரு சின்னப் பெட்டி உட்கார்ந்திருந்தது. விரலை அதன்மேல் வைத்தால் ரேகையைப் படித்துவிட்டுப் பச்சை விளக்கு காட்டும். முன்னால் போன அத்தனை பேருக்கும் காட்டியது. மேஸ்திரிக்குச் சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார், சிவப்பு. ஊதிவிட்டு வைத்தார், சிவப்பு. கடைசியில் குனிந்து, உடம்பு பாரத்தையெல்லாம் விரலில் இறக்கி அழுத்தினார்.

"ஐயோ, கண்ணாடி உடைஞ்சிடும், கையை எடுங்க!" என்றாள் கவுன்ட்டர் பெண்.

எடுத்தார். அவள் அவர் கையைத் திருப்பச் சொல்லிப் பார்த்தாள். விரல் நுனிகள் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தன.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டைல்ஸ் ஒட்டற வேலைம்மா."

"எத்தனை வருஷமா?"

"மீசை முளைக்கறதுக்கு முன்னாலேர்ந்து."

"அதான். சிமெண்ட் எல்லாத்தையும் தின்னுடுச்சு. கொஞ்ச நாள் வேலை செய்யாம இருந்துட்டு வாங்க. ரேகை திரும்ப முளைக்கும்."

சொல்லிக்கொண்டே அவள் ஒரு காகிதத்தை உருவி, அவர் கை வைத்த இடத்தைத் துடைத்தாள். காகிதத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அவள் அதைக் கவனிக்கவில்லை, கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். மேஸ்திரி கவனித்தார். புறப்படும்முன் குளித்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய கைதான் அது. வெளியே வரும்போது இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

டைல்ஸ் இடுக்குகளை நிரப்புவதற்கு ரப்பர் பலகை இருக்கிறது. கையுறை இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. ஆனால் இடுக்கில் சிமெண்ட் நிரம்பியதா, உள்ளே காற்று நிற்கிறதா என்று வெறும் விரலுக்குத்தான் தெரியும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சொன்னார். அந்த ஆளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அதனால் மேஸ்திரி வாழ்நாளில் ஒட்டிய குளியலறை, அடுப்படி, ஆஸ்பத்திரி வராண்டா எல்லாவற்றின் இடுக்கிலும் ஆள்காட்டி விரலால் இழுத்து இழுத்தே நிரப்பினார். ரேகையெல்லாம் அங்கேதான் போயிற்று. ஊரான் வீட்டுத் தரையில் தேடினால் கிடைக்கும்.

இருந்து இருந்து ரேகை எடுப்பதற்கு இப்போதுதானா அவசரம் என்றால், ஆமாம். அவசரம்தான். வேலை கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஐம்பத்தைந்து முடிந்த ஆளை எடுக்காது. மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்து முடிய ஒரு மாதம்கூட முழுசாக இல்லை.

இதை விலாவாரியாகச் சொன்னவர் ஏஜென்ட். வெயில் மண்டையைப் பிளந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார் என்பதால் அவருக்குக் கோட்டு என்றே பெயர். மேஸ்திரி விஷயத்தைச் சொன்னதும் கோட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி, உங்களைச் சேத்துவிடறதுக்கு நான் என்ன பாடு பட்டேன்னு எனக்குத்தான் தெரியும். இந்த வயசுல ஆளான்னு கம்பெனிக்காரன் கேட்டான். நின்னு வேலை வாங்கறதுக்கு நரைச்ச தலை ஒண்ணு வேணும்னு நான்தான் பேசி முடிச்சேன். விரலோட சேத்து விண்ணப்பம் உள்ள போற தேதியில உங்களுக்கு அம்பத்தஞ்சு முடிஞ்சிருக்கக் கூடாது. முடிஞ்சுதுன்னா அப்புறம் அந்தக் கதவை நான் என்ன, என் கோட்டு தட்டினாகூடத் தொறக்காது."

"இப்ப என்ன பண்றது?"

"ஒண்ணும் பண்ணக் கூடாது. அதான் பண்ணணும். கையில சிமெண்ட் படக் கூடாது, சோப்பு படக் கூடாது, ரொம்பத் தண்ணியும் கூடாது. எண்ணெய் போட்டுட்டு சும்மா இருங்க. மூணு வாரம் கழிச்சு இன்னொரு தேதி வாங்கித் தரேன். அதை விட்டா வேற தேதி இல்ல."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் கொஞ்ச காலம் கட்டட வேலையில் மண் சுமந்தவள். அவர் சொல்லி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் கேட்டாள்.

"சும்மா இருக்கணும்னா சொன்னாரு?"

"ஆமா."

"உங்களையா?"

"ஆமா."

"அது உங்களால ஆவாது. விசா கிடைக்காது. போய் படுங்க."

ஆனால் மறுநாள் காலை அவளே ஒரு கிண்ணத்தில் எண்ணெயைச் சூடு செய்து எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். "நீட்டுங்க" என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்து நுனியில் தேய்த்தாள். அவள் விரல்களும் ஒன்றும் பூ இல்லை. கேன்டீன் சவுக்காரத்தில் வெந்து வெடித்திருந்தன. இரண்டு காய்ந்த கைகளும் உரசும்போது உப்புத்தாள் தேய்ப்பதுபோல் சத்தம் வந்தது. இருவருமே அதைக் கேட்டு, கேட்காததுபோல் இருந்தார்கள்.

அன்றிலிருந்து மேஸ்திரியின் கை மேஸ்திரியுடையது இல்லை. டம்ளரைக் கழுவப் போனால் "வைங்க கீழே" என்று குரல் வரும். செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் "ரேகை கரைஞ்சிடும்" என்பாள். நூல் கையுறை ஒரு ஜோடி வாங்கிவந்து மாட்டிவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு பிளம்பர் வண்டியையே நிறுத்திவிட்டார்.

"என்ன மேஸ்திரி, ஆபரேஷன் பண்ணப் போறீங்களா?"

"உனக்குத்தான். நாக்கு நீளமா இருக்காம், வெட்டச் சொன்னாங்க."

"அதுக்கில்ல, கல்யாணப் பொண்ணு மாதிரி கையைப் பொத்தி வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, மாப்பிள்ளை எப்ப வராருன்னு கேட்டேன்."

உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள். "மாப்பிள்ளை பிளேன்ல வராரு. நீங்க போய் உங்க குழாயை அடைங்க. நேத்து மாட்டின குழாய் இன்னைக்கு ஒழுவுதாம், ஊரே சிரிக்குது."

பிளம்பர் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

வேலை நாளில் பகல் வெளிச்சத்தில் தன் வீட்டை மேஸ்திரி பார்த்ததே இல்லை. இருட்டுவதற்குள் வந்ததில்லை, விடிந்தபின் இருந்ததில்லை. இப்போது பார்த்தார். மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் வந்து சுவரில் சாய்ந்து நிற்கிறது. எதிர்வீட்டுப் பூனை தினமும் ஒரே நேரத்துக்கு வந்து அடுப்படியில் மிச்சம் மீதியைக் கேட்டு வாங்கித் தின்றுவிட்டுப் போகிறது. கேன்டீனிலிருந்து வந்ததும் மனைவி தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள். குழாயிடம், அடுப்பிடம், அரிசியில் கிடக்கும் கல்லிடம், எல்லாரிடமும் பேசுகிறாள்.

"எங்க போய் ஒளிஞ்சிக்கிட்ட? நேத்து இங்கதான வச்சேன்" என்றாள் ஒருநாள் அடுப்படியில்.

"நானா? இங்கதான் இருக்கேன்" என்றார் மேஸ்திரி.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "உங்களை யாரு கூப்பிட்டா? நான் கரண்டியைத் தேடறேன்."

"தினம் இப்படித்தான் பேசுவியா?"

"பின்ன? காலைல போன ஆளு பொழுது சாய்ஞ்சு வந்து தின்னுட்டுக் குப்புறப் படுத்தா, நான் யார்கிட்ட பேசறது? கரண்டியாவது காது குடுத்துக் கேக்குது."

மேஸ்திரி நாற்காலியைத் தூக்கிவந்து அடுப்படி வாசலில் போட்டு உட்கார்ந்தார். கையுறைக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கேன்டீன் சூப்பர்வைசர் ஒருவன் சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னாள். மேஸ்திரி சிரித்தார். அடுத்த நாளும் நாற்காலி அங்கேயே கிடந்தது.

நடுவில் காண்ட்ராக்டர் வந்து கூப்பிட்டார். பெரிய குடியிருப்பு ஒன்றில் குளியலறை வேலை, தரை சாய்மானம் பிசகித் தண்ணீர் மூலையில் தேங்குகிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். "பாக்கறதுதானே, தொடமாட்டேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். போனவர் தொடவில்லை. இளம் பையன்கள் மூன்று பேர் குந்தியிருக்க, இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கட்டைவிரலால் "இங்க பெயர்த்து எடு, இங்கேர்ந்து இறக்கிக் கொண்டா" என்று கோடு போட்டார். ஒருவன் பூச்சை நிரவும்போது இவருக்குக் கை துடித்தது. நெஞ்சு துடிப்பதுபோல் துடித்தது. பின்னால் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்து வைத்திருந்தது.

வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"ஏன் மேஸ்திரி, இந்த வயசுல வெளிநாடு எதுக்கு? முட்டி தேஞ்சு போச்சு உங்களுக்கு. பேசாம என் சைட்டுல கேட்ல உக்காருங்க. நாற்காலி போட்டுத் தரேன். வர்ற லாரியை எழுதிக்கிட்டு, போற ஆளைப் பாத்துக்கிட்டு, நிம்மதியா இருங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வலித்தது. தான் ஒட்டிய தரையின்மேல் தன் முன்னாலேயே ஆட்கள் நடந்து போவார்கள், தான் கேட்டைத் திறந்துவிட வேண்டும். ஒரே மகள் நர்ஸ் படிப்புக்கு விடுதியில் இருக்கிறாள், இன்னும் படிப்பு முடியவில்லை. வாட்ச்மேன் வேலையில் அவள் படிப்பு முடியாது. அதையும் சொல்லலாம். ஆனால் உண்மையான காரணம் அந்த நாற்காலிதான். மேஸ்திரி டீயை முழுசாகக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார். யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று வாரம் ஆயிற்று. மனைவி அவர் விரல்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஏங்க, தெரியுதுங்க! இங்க பாருங்க, சுழி சுழியா!" என்றாள். சின்னப்பெண் மாதிரி சத்தம் போட்டாள். மேஸ்திரியும் பார்த்தார். நுனியில் மெல்லிசாக வளையங்கள் எழும்பியிருந்தன. தன் கையில் இப்படி ஒன்று உண்டு என்றே அவர் மறந்துபோயிருந்தார்.

"நாளைக்குப் போறோம், பச்சை விளக்கை எரிய விடறோம், வரோம்" என்றாள்.

அவருக்குப் பச்சை விளக்கு கண்ணில் வரவில்லை. அந்தக் காகிதம் வந்தது. சாம்பல் கறை, கசக்கிக் கூடையில் போட்ட காகிதம்.

விடிகாலையில் எழுந்தார். மனைவி குளிக்கப் போயிருந்தாள். கையை விரித்துப் பார்த்தார். மூன்று வாரம் எண்ணெய் ஊறியதில் உள்ளே கிடந்த கருப்பெல்லாம் மேலே வந்திருந்தது. நகக்கண்ணில், உள்ளங்கைக் கோட்டில், முட்டி மடிப்பில், எங்கு பார்த்தாலும் பழைய சிமெண்ட். இந்தக் கையையா அந்தப் பெண்ணின் கண்ணாடிமேல் திரும்பவும் வைப்பது?

டைல்ஸ் வேலைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்தபின் தரையில் படிந்த சிமெண்ட் கறையை ஒரு ஆசிட் போட்டுத்தான் போக்குவார்கள். நல்லது கெட்டதுக்குப் போகிற நாளில் அதே ஆசிட்டில் நிறையத் தண்ணீர் கலந்து, துணியை நனைத்துக் கையையும் துடைத்துவிடுவார்கள். தரைக்குப் போகிறது கைக்கும் போகும். பெண் பார்க்கப் போன அன்று மேஸ்திரி அப்படித்தான் துடைத்துக்கொண்டு போனார். மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போன அன்றும் அப்படித்தான். கௌரவமான இடத்துக்குச் சுத்தமான கையோடு போக வேண்டும் என்பதைத் தவிர அன்று காலை அவர் வேறொன்றும் நினைக்கவில்லை. நினைத்திருக்கலாம். நினைக்கவில்லை.

கொல்லையில் கிடந்த பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் ஊற்றிக் கலந்தார். துணியை வலது கையில் பிடித்து இடது கையை அழுத்தித் தேய்த்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தேய்த்தார். இடது கைக்கு அவ்வளவு பலமில்லை, பட்டும் படாமல்தான் தேய்த்தது. லேசாக எரிந்தது. கழுவிப் பார்த்தார். ஆபீசர் கை மாதிரி இருந்தது. சந்தோஷமாகத் துண்டால் ஒற்றிக்கொண்டார்.

மனைவி அன்று கேன்டீனுக்கு லீவு சொல்லியிருந்தாள். விசா மையத்தில் கூட வந்தவர்களை உள்ளே விடமாட்டார்கள். வெளிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவளை உட்காரவைத்துவிட்டு மேஸ்திரி உள்ளே போனார்.

அதே பெண். "வாங்க. முளைச்சிடுச்சா?" என்றாள்.

"முளைச்சிடுச்சும்மா" என்று வலது கையை வைத்தார். நாலு விரலும் பச்சை. கட்டைவிரலும் பச்சை. மேஸ்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்திலேயே இடது கையை வைத்தார்.

சிவப்பு.

துடைத்து வைத்தார். சிவப்பு. "நெத்தியில தேச்சுட்டு வைங்க, கொஞ்சம் எண்ணெய்ப் பசை வரும்" என்றாள். நெற்றியில் தேய்த்தார், மூக்கில் தேய்த்தார், தலைமுடியில் தேய்த்தார். பக்கத்து வரிசைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிவப்புதான். அவள் அவர் கையைப் பிடித்துத் திருப்பினாள். விரல் நுனி சிவந்து, தோல் பளபளத்தது. முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. கையை விட்டுவிட்டு உள்ளே எழுந்து போனாள்.

வந்தபோது கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி கூட வந்தார். மேஸ்திரியை ஓர் ஓரத்து அறைக்குக் கூட்டிப்போய் உட்காரச் சொன்னார். கதவைச் சாத்தவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

"எந்த வருஷம் திருப்பி அனுப்பினாங்க?" என்றார் எடுத்த எடுப்பில்.

"யாரை சார்?"

"உங்களைத்தான். ஏற்கெனவே அங்க இருந்து, பிடிச்சு அனுப்பின ஆளுங்கதான் விரலை ஆசிட்ல பொசுக்கிட்டு வேற பேர்ல திரும்ப வருவாங்க. பழைய ரேகை மாட்டிவிட்டுடும் இல்ல? நாங்க பாக்காத ஆளா?"

"சார், நான் பிளேனை அண்ணாந்துதான் பாத்திருக்கேன். ஏறினதே இல்ல."

"அப்ப எதுக்கு ஆசிட்?"

"கை அழுக்கா இருந்துது சார். சுத்தமா வரலாம்னு..."

அதிகாரி சிரித்தார். நம்பாத சிரிப்பு. "சுத்தம் பண்றதுக்கு ஆசிட்டா? நான் எழுதி அனுப்பிட்டா அப்புறம் அந்த நாடு மட்டும் இல்ல, எந்த நாடும் உங்களைச் சேக்காது. உண்மையைச் சொல்லிடுங்க."

"இதான் சார் உண்மை." வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து இரண்டு கையையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தார், வேறு யாருடைய கையையோ தூக்கிக்கொண்டு வந்தவர் மாதிரி.

"கூட யாராவது வந்திருக்காங்களா?"

"வீட்டுக்காரி வெளிய இருக்கா சார்."

"என்ன சொல்லிட்டு வந்தீங்க அவங்ககிட்ட? கையில ஆசிட் போட்டது தெரியுமா?"

"தெரியாது சார். சொல்லல."

அதிகாரி ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். பிறகு ஆளை விட்டு அவளை அழைத்துவரச் சொன்னார். வந்தவள் கணவனைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்த்தாள், ஏதோ பிசகு என்று புரிந்துகொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஏன் கையில ஆசிட் ஊத்திக்கிட்டாரு?"

அவள் விளங்காமல் பார்த்தாள். "யாரு, இவரா? ஆசிட்டா? என்ன ஆசிட்டு?"

"டைல்ஸ் தொடைக்கற ஆசிட்டு" என்றார் மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு. "காலைல. நீ குளிக்கப் போனப்ப. லேசாத்தான்..."

அவள் இரண்டெட்டில் அவர் முன்னால் வந்து கையைப் பிடித்துத் திருப்பினாள். இடது கையைப் பார்த்தாள். நேற்று ஜன்னலில் சுழி சுழியாகத் தெரிந்த கை.

அப்புறம் அந்த அறை அறையாக இல்லை.

"அடப்பாவி மனுஷா! மூணு வாரம்! மூணு வாரமா இந்தக் கையை ஒரு டம்ளரைத் தூக்க விட்டேனா நான்? வெந்நீர் ஊத்தினேன், துணி பிழிஞ்சேன், சோத்தைப் பிசைஞ்சுகூடக் குடுத்திருப்பேன், வெக்கமா இருக்குன்னு நீதான் வேணாம்ன. காலைல எண்ணெய், சாயங்காலம் எண்ணெய். என் கை வெடிச்சு ரத்தம் வருது, அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போட்டேனா? எல்லாத்தையும் உன் விரலுக்குப் போட்டேன். நேத்திக்குத்தானேய்யா முளைச்சுது! நேத்து முளைச்சதை இன்னைக்குக் காலைல ஆசிட்டு ஊத்திப் பொசுக்கிட்டு, ஆடாம அசையாம என்கூட பஸ்ல வந்து உக்காந்திருக்க! டிக்கெட்டு எடுத்தியே, அப்பவாச்சும் சொன்னியா? உன் கை என்ன பாத்ரூம் தரையா? யாரு கேட்டா உன்கிட்ட சுத்தம்? நீ என்ன பொண்ணு பாக்க வந்தியா இங்க?"

"அந்தம்மா கண்ணாடியில கறை பட்டுதுடி போன தடவை..." என்றார் மேஸ்திரி மெல்ல.

"பட்டா தொடைச்சுட்டுப் போறாங்க! அதுக்குத்தானே காகிதம் வச்சிருக்காங்க!" அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். அழுகையும் கோபமும் ஒரே மூச்சில் வந்தன. "சார், நீங்க விசாவும் குடுக்க வேணாம், ஒண்ணும் குடுக்க வேணாம். அந்த விளக்கு எரியற பெட்டியைத் தூக்கி இவரு மண்டையில ஒரு போடு போடுங்க. எரியுதா பாப்போம்."

கவுன்ட்டர் பெண் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"உக்காருங்கம்மா" என்றார். "தண்ணி குடிங்க."

"எனக்கு வேணாம்."

"குடிங்க. இந்த மாதிரி திட்டறதை யாரும் சொல்லிக் குடுத்து வரவைக்க முடியாது." அவர் மேஸ்திரியைப் பார்த்தார். இப்போது வேறு மாதிரி பார்த்தார். "தினமும் இப்படித்தானா?"

"இல்ல சார். இன்னைக்குக் கொஞ்சம் கம்மி."

அதிகாரி உள்ளே போய் வெகுநேரம் யாருடனோ போனில் பேசினார். திரும்பி வந்து, நிதானமாக, இருவருக்கும் விளங்கும்படி சொன்னார். வலது கை பதிவாகிவிட்டது. விண்ணப்பம் இன்றைய தேதியிலேயே உள்ளே நிற்கும். தோல் ஆறியபின் வந்து இடது கையைக் கொடுக்க வேண்டும். அதுவும் சரியாக வந்தால்தான் மேலே போகும். வராவிட்டால் இதோடு முடிந்தது, அதற்குமேல் தன் கையில் ஒன்றும் இல்லை.

வெளியே வந்து மேஸ்திரி கோட்டுக்குப் போன் செய்தார். இன்றைய தேதி நிற்கும் என்றால் வயசு தாண்டாது, இடது கை மட்டும் வந்துவிட்டால் போதும் என்று அவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கொல்லைக்குப் போய் ஆசிட் பாட்டிலை எடுத்து எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். எண்ணெயைச் சூடு செய்தாள். "நீட்டுங்க" என்றாள். "ங்க" திரும்ப வந்துவிட்டது என்று மேஸ்திரிக்கு உயிர் வந்தது.

இடையில் ஒருநாள் அவருக்கு ஐம்பத்தைந்து முடிந்தது. காலையிலேயே மனைவிதான் நினைவுபடுத்தினாள். "இன்னையோட நீங்க கிழவன். இனிமே எவனும் வேலை குடுக்க மாட்டான். அந்த இடது கை ஒண்ணுதான் இருக்கு நமக்கு." சொல்லிவிட்டு அந்தக் கையின் ஐந்து விரலையும் வழக்கத்தைவிட நேரம் எடுத்துத் தேய்த்தாள். அன்றைக்கு வெங்காயம் உரிக்கும்போது அவர்தான் கதை சொன்னார். பழைய ஆஸ்பத்திரி வேலையில், பூச்சு காயாத தரையில் ஒரு டாக்டர் நடந்துபோய், செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஆபரேஷனுக்குப் போன கதை. அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வெங்காயமாகவும் இருக்கலாம்.

தோல் ஆறிற்று. தேதி வந்தது. அவள் மறுபடி லீவு போட்டாள். இந்தத் தடவை குளிக்கப் போகும்முன் அவரைக் கூடத்தில் உட்காரவைத்து, கையுறையின் மணிக்கட்டில் கயிறு கட்டி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் போனாள்.

உள்ளே கவுன்ட்டர் பெண் பெட்டியின் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். அவளுக்கும் பயம் இருந்திருக்கும். மேஸ்திரி இடது கையை வைத்தார். சுண்டுவிரல் பச்சை. மோதிரவிரல் பச்சை. நடுவிரலில் பெட்டி கொஞ்சம் யோசித்தது. பச்சை. ஆள்காட்டி விரல் பச்சை. கடைசியில் கட்டைவிரல்.

"போகலாம். முடிஞ்சுது" என்றாள் அவள்.

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். போய்ட்டு வாங்க. பாஸ்போர்ட் வீட்டுக்கு வரும்."

அவர் வெளிக் கூடத்துக்கு வந்தார். மனைவி எழுந்து நின்றாள். "என்ன ஆச்சு?"

"எடுத்துடுச்சு."

"எல்லாமா?"

"அஞ்சும்."

"ஆங்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சந்தோஷத்தில் குதிப்பாள், பிளம்பருக்குப் போன் செய்து வம்புக்கு இழுப்பாள் என்று மேஸ்திரி நினைத்திருந்தார். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பஸ் நிறுத்தத்தில் வெயில் இருந்தது. இருவரும் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.

"எப்ப போவணும்னு சொல்வாங்க?" என்றாள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

"கோட்டு சொன்னாரு, பாஸ்போர்ட் வந்ததும் உடனேன்னு."

"உடனேன்னா?"

"உடனேதான்."

"போனா மூணு வருஷம் இல்ல?"

"ம்."

அவள் தலையாட்டினாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவர்கள் போக வேண்டிய பஸ்தான். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு ஊர் பேரைக் கூவினான். மேஸ்திரி ஒரு காலை முன்னால் வைத்தார்.

"வேணாங்க" என்றாள் அவள். "ரொம்பக் கூட்டமா இருக்கு. அடுத்ததுல போலாம்."

மேஸ்திரி ஜன்னல் வழியே பார்த்தார். பின்னால் ஒரு கிழவி தூங்கிக்கொண்டிருந்தாள், டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர். மற்ற சீட்டெல்லாம் காலி.

"ஆமா" என்றார், காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு. "நிக்கக்கூட எடம் இல்ல."

கண்டக்டர் இருவரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு விசில் ஊதினான். பஸ் போயிற்று. அவள் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, கேன்டீனில் நேற்று நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.